துரையின் மரணசாசனத்தில் என் இடம்

என் அன்புக்குரிய எட்வின் சேர்,

உங்களை ‘சேர்’ என்று அழைத்து நாலு பேர் பார்க்க எழுதுவது இதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான் அழைத்தேன். வெளியே, பாரிஸ் லாச்சப்பலில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான ரூ பெர்தொனேயில் கால் வைத்ததும் நீங்கள் வெறும் எட்வின் ஆகிவிடுவீர்கள். என் சிநேகிதன் எட்வின், என் வியாபாரப் பங்காளி எட்வின். நான் தமிழில் அவிழ்த்துவிடும்போது நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு தலையாட்டுவீர்கள். விளங்காமல் ஆட்டினீர்களா, விளங்கித்தான் ஆட்டினீர்களா?

வருகிற சனிக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம். உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். உங்கள் சபை வேறு என்பது எனக்குத் தெரியும். நீங்கள் மனசுக்குள் கத்தோலிக்கர் என்றும், உங்கள் பாட்டனார் ஆயராக வரவேண்டியவர், கடைசி நேரத்தில் தவறிப்போனது என்றும் சுவாமியாரிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். பூசையில் கொடுக்கிற நினைவு மலரில் நடுப்பக்கம் இரண்டையும் எனக்கென்று கேட்டு வாங்கினேன். லாச்சப்பல் கடைகளிலும் அது கிடக்கும், எல்லாரும் வாசிப்பார்கள்.

எழுதுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு இந்தக் காலத்துப் பட்டதாரிக்கு மேலே. பக்கத்தில் இருந்து எட்டி வாசிக்கிற என் மனைவி றீற்றா, ஏழாம் வகுப்பு என்கிறாள். எட்டில் நான் ஒரு தவணை இருந்தேன். இருந்தது இருந்ததுதானே.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், சேர். நீங்கள் எனக்குச் செய்தது சரியில்லை. மரணசாசனத்தை மூன்று பக்கத்துக்கு எழுதத் தெரிந்த மனிதருக்கு என்னைப் பற்றி ஒரு வரி ஒழுங்காக எழுதத் தெரியாமல் போனதா? அந்த ஒரு வரியால் இந்த வருடம் முழுவதும் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொண்டு பிறகு நிம்மதியாக இருங்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு நானூறு பேர் வந்தார்கள். றீற்றா நாற்பது என்கிறாள். மழைக்கு ஒதுங்கினவர்களையும் சேர்த்துத்தான் நான் கணக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணை மூடினால் அன்றைக்கே அறிவித்தல் அடித்துக் கடைக் கண்ணாடிகளில் ஒட்டிவிடுவோம். நீங்களே எத்தனை தடவை நின்று பார்த்திருக்கிறீர்கள். நடுவில் படம், இரண்டு பக்கமும் மெழுகுதிரி, கீழே அவர் எங்கே பிறந்தார், எங்கே இருந்தார், யாருக்குத் தகப்பன், யாருக்கு மச்சான் என்று வரிசையாக வரும். அதில் பெயர் வராதவன் சொந்தக்காரன் இல்லை. ஒரு பெயர் விடுபட்டதற்காக இன்றைக்கும் முகம் பார்க்காமல் இருக்கிற குடும்பங்கள் நாங்கள் குடியிருக்கிற ஸ்தேனில் எனக்குத் தெரிந்தே மூன்று உண்டு.

உங்களுக்கும் அப்படி ஒன்று அடித்தேன். கலரில். ‘இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும் பாரிஸ் லாச்சப்பலை வதிவிடமாகவும் கொண்ட உயர்திரு எட்வின் துரை அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார் சவிரிமுத்துவின் உடன்பிறவாச் சகோதரரும் வியாபாரப் பங்காளியும், றீற்றாவின் அன்பு மைத்துனரும், ஜெனிற்றாவின் பாசமிகு பெரியப்பாவும் ஆவார்.’ அதற்குக் கீழே கனடாவில் இருக்கிற றீற்றாவின் தமையனையும் உங்கள் மைத்துனர் ஆக்கினேன். அவர் உங்களை ஒரே ஒரு நாள்தான் பார்த்தவர். அதனால் என்ன, ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள்.

ரூ பெர்தொனேயில் நகைக்கடை வைத்திருக்கிற தேவாவின் கண்ணாடியில் அது நன்றாக எடுத்துக் காட்டியது. வெள்ளைக்காரருக்கு இப்படி ஓர் அறிவித்தல் லாச்சப்பலில் அதுவரை ஒட்டப்படவில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று வாசித்தான். நானும் எதிர்ப்பக்கத்தில் நின்று, வாசிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தமையனின் மகன் ஜூலியன் செத்தவீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவர், அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்று தன் போனில் படம் எடுத்ததை நான் கவனிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, உங்கள் சாசனத்தைப் பொறுப்பில் வைத்திருந்த நொத்தாரிசு அம்மா எல்லாரையும் கூப்பிட்டு அதை வாசித்தார். என் மகள் ஜெனிற்றா எனக்கு மொழிபெயர்த்தாள். மேல்வீடு, பாட்டனாரின் எண்ணெய்ப்படம், புத்தகங்கள், எப்போதும் பிந்தி ஓடுகிற மணிக்கூடு எல்லாம் குடும்பத்துக்கு, அதாவது ஜூலியனுக்கு. சரி, இரத்த உறவு. உங்கள் உடுப்புகளும் கோட்டுகளும் லாச்சப்பல் ஏழைகளுக்கு. அதுவும் சரி.

நடுவில்தான் நான். ‘நான் இறக்கும் நாளில் என்னிடம் வேலைக்காரராக இருப்பவருக்கு’, கீழே இருக்கிற அறையும் அடுப்பும் சட்டி பானைகளும், அவருடைய வாழ்நாள் முழுவதும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு அங்கே மத்தியானச் சாப்பாடு தொடர்ந்து நடக்கவேண்டும். அப்படி ஒரு வேலைக்காரர் இல்லாவிட்டால் அறையும் குடும்பத்துக்கே போகும்.

பெயர் இல்லை, சேர். சவிரிமுத்து என்று ஐந்து எழுத்து போட உங்கள் பேனையில் மை இல்லையா? றீற்றா விரல் விட்டு எண்ணி ஆறு எழுத்து என்கிறாள். ஆறாகவே இருக்கட்டும். அந்தச் சாப்பாட்டைத் தொடங்கியது யார்? எனக்குப் பன்னிரண்டு பேருக்குக் குறைய அரிசி போடத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பானையை எட்டிப் பார்த்து, மிச்சத்தை யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டீர்கள். மெத்ரோப் பாலத்துக்குக் கீழே படுத்திருக்கிறவர்கள் சாப்பிடுவார்கள் என்று நான் சொன்னேன். கூட்டிவா என்றீர்கள். அன்றைக்குத் தொடங்கியதுதானே. இடியப்பத்தைக் கத்தியும் முள்ளும் வைத்து வெட்டிக்கொண்டு நீங்கள் அவர்களோடு இருந்து சாப்பிட்ட அறைதானே அது.

நான் கையை உயர்த்தி, அந்த ஆள் நான்தான் என்று சொல்லுமுன் ஜூலியன் ஒரு கடதாசியை மேசையில் வைத்தார். என்னுடைய அறிவித்தல். பக்கத்தில் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, முத்திரை குத்தி. அவர் பெரிதாகச் சத்தம் போடவில்லை. வரிசையின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“என் பெயர் எங்கே?”

இடம் காணவில்லை என்று சொன்னேன். கனடா மச்சானுக்கு இடம் கண்ட கடதாசியில் உங்கள் சொந்தப் பெறாமகனுக்கு இடம் காணவில்லை என்று சொன்னேன். ஜெனிற்றா அதை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் எப்படி இரங்குவார்? இவர் தன்னைச் சகோதரன் என்கிறார், பங்காளி என்கிறார், வேலைக்காரர் என்று எங்கேயும் இல்லையே என்றார். நொத்தாரிசு அம்மா என் வேலைப் பத்திரங்களைக் கேட்டார். அதிலாவது சரியாக இருக்குமா? இல்லை. அதில் நான் செக்கிரட்டரி.

அது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். கனடா மச்சான் வந்த வருடம் அவருக்குக் காட்டவேண்டும் என்று நான்தான் உங்களிடம் நச்சரித்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அது உனக்கு முக்கியமா?” என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். அடுத்த மாதத்திலிருந்து எல்லாப் பத்திரத்திலும் நான் செக்கிரட்டரி ஆனேன். ஒரு கடிதம் தட்டத் தெரியாத செக்கிரட்டரி. நீங்களாவது ‘சவிரி, விசர் வேலை பார்க்காதே’ என்று ஒரு அதட்டுப் போட்டிருக்கலாமே.

நொத்தாரிசு அம்மா நல்ல மனுசி. ஒரு வழி சொன்னார். நீங்கள் அந்த வீட்டில் என்ன வேலை செய்தீர்கள் என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்து வையுங்கள், அதைக் கண்ணால் பார்த்த மூன்று பேர், சொந்தக்காரராக இல்லாதவர்கள், தாங்களும் எழுதித் தரட்டும் என்றார்.

யோசித்துப் பாருங்கள், சேர். லாச்சப்பலில் வீடு வீடாகப் போய், நான் வேலைக்காரன் என்று எழுதித் தாருங்கள் என்று நான் கேட்பதா? இங்கிலாந்தில் எங்களுக்குத் தேயிலைக் கொம்பனி இருக்கிறது என்று நான் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த சனத்திடமா? முடியாது என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அறையைப் பூட்டித் திறப்பை நொத்தாரிசு அம்மா வைத்துக்கொண்டார். மாதக்கணக்காக அப்படியே கிடந்தது. சாப்பாடு நிற்கவில்லை. நிற்க றீற்றா விடவில்லை. ஸ்தேனில் எங்கள் வீட்டிலே சமைத்து, இரண்டு சட்டியைப் பஸ்ஸில் கொண்டுவந்து, பாலத்துக்குக் கீழே சீமெந்துக் குந்தில் வைத்துக் கொடுத்தோம். முந்தி ஐந்து சட்டி. வரிசையில் கடைசியில் நின்றவர்களுக்கு வெறும் சோறும் தண்ணிப் பருப்பும். சிலர் சாப்பிடாமலே போனார்கள். பஸ்ஸில் இருக்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரித்தான் றீற்றா பேசுவாள்.

“அங்கை அறை பூட்டிக் கிடக்குது, அடுப்புப் பூட்டிக் கிடக்குது. இந்த மனுசன் ஒரு பேப்பரிலை கையெழுத்து வைக்கமாட்டாராம். நான் பருப்புச் சட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு போறன், செக்கிரட்டரியின்ரை பெண்சாதி.”

நான் யன்னலுக்கு வெளியே பார்ப்பேன். வேறு என்ன செய்ய?

கோட்டுகளைப் பற்றி வழக்கு இல்லாதபடியால் அவற்றை நொத்தாரிசு அம்மா கோவிலடி ஆட்களிடம் கொடுத்து ஏழைகளுக்குப் பிரித்துவிட்டார். அதிலும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. அந்தச் சாம்பல் நிறக் கோட்டு, வெல்வெற் கழுத்து வைத்தது. இருபத்திரண்டு மாரி நான் தூசி தட்டின கோட்டு. சாசனத்தின்படி அது ஏழைக்குத்தான். நான் ஏழையும் இல்லை, வேலைக்காரன் என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை, குடும்பமும் இல்லை. உங்கள் மூன்று பங்கில் ஒன்றிலும் நான் இல்லாமல் நடுத்தெருவில் நின்றேன்.

நடுத்தெருவில்தான் முடிவும் வந்தது. மாசி மாதம், விசிறி அடிக்கிற மழை. தேவாவின் கடை வாசலில் ஒதுங்கி நின்று, லெ பிளாங்-மெனிலில் இருந்து மகளுக்குத் தாலிக்கொடி செய்ய வந்த ஒருவருக்குத் தேயிலைக் கொம்பனியில் எங்கள் பங்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல இடத்தில் நிற்கிறது கதை. அப்போது தெருவின் அந்தப் பக்கத்தால் நீங்கள் போகிறீர்கள்.

அதே சாம்பல் கோட்டு. அதே மாதிரி இடது தோள் கொஞ்சம் சரிந்து. கழுத்தில் ஒன்றும் இல்லை.

“சேர், மஃப்ளர் எங்கை? நெஞ்சிலை குளிர் பிடிக்கப்போகுது, நில்லுங்கோ வாறன்.”

கத்தினது நான்தான். தெரு முழுக்கக் கேட்டது. குடையை விரித்துக்கொண்டு ஓடிப்போய் முன்னால் நின்று, என் கை தன்பாட்டில் கோட்டின் மூன்றாவது தெறியை அதன் ஓட்டைக்குள் விட்டுப் பூட்டப் போனது. அது எப்போதும் கழன்று நிற்கிற தெறிதானே. பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பாலத்தடியில் எங்கள் வரிசையில் முன்னுக்கு நிற்கிற உயரமான ஆபிரிக்க மனிதர். அவர் கோபிக்கவில்லை. நான் தெறியைப் பூட்டி முடியும்வரை பொறுமையாக நின்றார். பிறகு பிரெஞ்சில் கேட்டார்: “திரும்ப எப்போது உள்ளே இருந்து சாப்பிடலாம்?”

குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு திரும்பினேன். ஒரு கதையும் சொல்லாமல், சேர். நம்புவீர்களா?

திரும்பி வந்தபோது தாலிக்கொடிக்காரர் போய்விட்டார். தேவா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அண்ணை, ஆர் சேர்?”

நாங்கள் இரண்டு பேரும் பகிடிக்கு அப்படித்தான் கூப்பிடுவோம் என்று தொடங்கினேன்.

“விடுங்கோ அண்ணை. அந்தாளின்ரை சப்பாத்தை நீங்கள் பக்கத்துக் கடையிலை குடுத்துத் தைச்சு, துடைச்சுக்கொண்டு போறதை நான் எத்தினை வரியமாப் பாக்கிறன்.”

“அப்ப உனக்குத் தெரியுமோ?”

“எனக்கு மட்டுமோ? முழு றோட்டுக்கும் தெரியும்.”

“பேந்து ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?”

“கேட்டால் நீங்கள் கதையை நிப்பாட்டிப் போடுவியள். மழை நாளிலை எங்களுக்கும் பொழுது போகவேணுமெல்லோ. ஆனா அண்ணை, அந்தத் தேயிலைக் கொம்பனி கொஞ்சம் கூடிப்போச்சு.” பிறகு மேசைக்குப் பின்னால் போய்ப் பேனையை எடுத்தான். “பேப்பரைத் தாங்கோ. நான் பாத்ததை நான் எழுதுறன்.”

இருபத்திரண்டு வருடமாக நான் ஒருவரையும் ஏமாற்றவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைவிட எரிச்சலான செய்தி ஒரு மனிதனுக்கு இருக்குமா?

மற்ற இரண்டு பேரின் கடதாசியும் அதே றோட்டில் கிடைத்தது. வீட்டுக்குப் போய் என்னுடையதை எழுதினேன். சமைத்தேன், சந்தைக்குப் போனேன், படி கூட்டினேன், சவரம் எடுத்துவிட்டேன். கடைசி இரண்டு வருடமும் குளிக்க வார்த்தேன், கால் நகம் வெட்டினேன், கையில் பிடித்துச் சாப்பாடு தீத்தினேன், ஆசுப்பத்திரியில் கட்டிலுக்கு அடியில் வைக்கிற சட்டியை நர்ஸ் வருமுன் நானே எடுத்துக் கழுவினேன். ஐந்து பக்கம் போனது. ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டாமல் நான் எழுதின முதல் எழுத்து அதுதான், அதற்கே ஐந்து பக்கம் என்றால் பாருங்கள். நொத்தாரிசு அம்மா ஒரு பக்கம் போதும் என்றார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அதைப் பிரெஞ்சில் ஆக்கி, நான் பார்த்து எழுதத் தந்தவள் ஜெனிற்றா. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தமிழில் கேட்டாள்.

“அப்பா, இதெல்லாம் நீங்களா செய்தனீங்கள்?”

இல்லை, செக்கிரட்டரி செய்தவர் என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

கூடவே ஜூலியனுக்கும் ஒரு கடிதம் போட்டேன். இடம் காணாமல் போகவில்லை, நான்தான் உங்களை விட்டுவிட்டேன், துரை எனக்கு மட்டும் சொந்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்துவிட்டேன் என்று எழுதினேன். அவர் எனக்குப் பதில் போடவில்லை. நொத்தாரிசு அம்மாவுக்கு மட்டும், தனக்கு ஆட்சேபணை இல்லை, இனி ஒரு அறிவித்தல் அடித்தால் தன் பெயரைச் சேர்க்கவும் என்று இரண்டு வரி அனுப்பினார். அறைத் திறப்பு போன மாதம் என் கைக்கு வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சுவர் ஈரம் இழுத்திருக்கிறது. அடுப்புக் குழாய்க்கு ஒரு பத்திரம் வேண்டும் என்று மெறியில், அதுதான் நகரசபையில் இருந்து ஒருவர் வந்து நிற்கிறார். அந்தப் பிந்தி ஓடுகிற மணிக்கூடு போனபிறகு எத்தனை மணிக்குப் பரிமாறுவது என்பதில் எனக்கும் றீற்றாவுக்கும் ஒவ்வொரு கிழமையும் சண்டை. பாலத்துக்குக் கீழே ஆட்கள் கூடிக்கொண்டு போகிறார்கள், நீங்கள் வைத்துவிட்டுப் போன சட்டி ஐந்துதான். ஏழு வைத்திருக்கக் கூடாதா?

ஒன்று மட்டும் கேட்கவேண்டும், சேர். முந்தாநாள் அடுப்படியைக் கழுவும்போதுதான் எனக்கு இது ஓடியது. நீங்கள் ஏன் என் பெயரைப் போடவில்லை? கடைச்சாமான் துண்டில்கூட ‘சவிரிக்கு’ என்று மேலே எழுதிவைக்கிற மனிதர் நீங்கள். மறந்திருக்க மாட்டீர்கள். சவிரிமுத்து, வேலைக்காரன் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அதை யாராவது லாச்சப்பலில் வாசித்துவிட்டால் எனக்கு வெட்கமாகிவிடும் என்றுதான் பெயரை விட்டீர்களா? அப்படியானால் அந்தக் கடைவாசலில் நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு விளங்கியதா?

விளங்கியிருந்தால், தேயிலைக் கொம்பனிக்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த உயரமான மனிதரின் மூன்றாவது தெறியைப் போன ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்து நானே தைத்துவிட்டேன், இரட்டை நூலில். மஃப்ளர் கட்டமாட்டேன் என்கிறார், உங்களைப் போலவே பிடிவாதம். இந்த மலரின் முதல் பக்கத்து அறிவித்தலையும் நான்தான் எழுதினேன். ‘அன்னார் ஜூலியனின் பாசமிகு சித்தப்பா ஆவார்’ என்பதுதான் அதில் முதல் வரி. தேவாவின் கண்ணாடியில் பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டப்போகிறேன்.

எனக்குக் கால் நடக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அந்த அறைக்குள்தான் நடக்கும். வருகிறவர் கதிரையில் இருந்து சாப்பிடுவார், சுடச்சுட, கடைசியாய் வருகிறவருக்கும் கறி இருக்கும். உங்கள் கதிரையைச் சுவரோரம் சும்மா வைத்திருக்கவில்லை. அதிலும் ஒருவர் இருக்கிறார். அது எந்த வீட்டுக் கதிரை என்று அவருக்குக் கதை சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இங்கிலாந்து அரண்மனையில் இருந்து வந்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மரணசாசனத்தின்படி உங்கள் வேலைக்காரன்,
அதில் எழுதாமல் விட்டபடி உங்கள் தம்பி,
சவிரிமுத்து